சுருக்கெழுத்தும் உடனெழுத்தும்: கொழும்புக் கூட்டங்களின் சொற்பதிவு வரலாறு

மேடையிலே பேசப்படும் சொல் கேட்டோர் நெஞ்சில் சிறிது காலம் தங்கிப் பின்னர் மங்கிவிடுவது இயல்பு. அச்சொல்லை அது பிறந்த பொழுதிலேயே எழுத்திற் பிடித்து வைக்கும் முயற்சி மனித நாகரிகத்தின் பழைய முயற்சிகளுள் ஒன்றாகும். கொழும்பு மாநகரில் இம்முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை உடையது. நகரின் வடபால் அமைந்த கொட்டாஞ்சேனையும் தென்பால் அமைந்த வெள்ளவத்தையும் தமிழ்க் கூட்டங்களுக்கு நெடுங்காலமாக நிலைக்களமாய் விளங்குவன. இவ்விரண்டு இடங்களையும் மனங்கொண்டு நோக்கும்போது, கூட்டப் பேச்சு எழுத்தாகிய வரலாறு சுருக்கெழுத்தாளரின் எழுதுகோலிலிருந்து கணினித் திரை வரை நீள்வதைக் காணலாம். பேசும்போதே எழுத்தாகித் தொலைவிலுள்ளோருக்கும் பரவுகின்ற இன்றைய பதிவு முறை இக்கட்டுரையில் உடனெழுத்து எனக் குறிக்கப்படுகின்றது. அது எவ்வாறு தோன்றியது, அதனாற் பெறும் பயன் யாது, அதன்கண் மறைந்துள்ள இடர் யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

புளோரல் மண்டபத்துப் பேச்சு

1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். மறுநாள் மாலை புளோரல் மண்டபத்தில் அவர் நிகழ்த்திய உரை, கீழைநாட்டில் அவர் ஆற்றிய முதலாவது பொதுச் சொற்பொழிவு எனப் போற்றப்படுகின்றது. அன்று பேசப்பட்டதை இன்றும் நூலில் வாசிக்க முடிகின்றது. அதற்குக் காரணமாயிருந்தவர் அவருடன் பயணஞ் செய்த யோசையா யோன் குட்வின் என்னும் ஆங்கிலேயச் சுருக்கெழுத்தாளராவர்.

குட்வின் 1895ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க் நகரிற் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். சில நாட்களுக்குள்ளேயே கூலியை மறுத்துச் சீடராகிவிட்டார். பேச்சைக் கேட்கும்போதே குறியீடுகளில் எழுதிக்கொள்வதும், பின்னர் அவற்றை முழு எழுத்திற் பெயர்த்து எழுதுவதும் அவருடைய பணி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பின்னர் தமிழகத்திலும் நிகழ்ந்த பேச்சுக்கள் இவ்வாறு எழுத்தாகி, கொழும்பு முதல் அல்மோரா வரையிலான சொற்பொழிவுகள் என்னும் தொகுதியாயின. 1898ஆம் ஆண்டு ஜூன் மாதம் உதகமண்டலத்தில் அவர் காலமானார். அவர் எழுதுகோல் ஓய்ந்த பின்னரும் அவர் பிடித்து வைத்த சொற்கள் ஓயவில்லை. விவேகானந்தரின் வருகை விளைத்த எழுச்சியின் வழியே 1902ஆம் ஆண்டிற் கொழும்பு விவேகானந்த சபை நிறுவப்பட்டது. கொட்டாஞ்சேனைப் பகுதியில் விவேகானந்த மேடு என வழங்கும் இடத்தில் அச்சபை இன்றும் நிலைபெற்றுள்ளது.

குட்வின் கைக்கொண்ட கலை இங்கிலாந்தில் வளர்ந்தது. ஐசக் பிற்மன் 1837ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை, எழுத்துக்கூட்டலை விடுத்து ஒலியையே கோடுகளாலும் வளைவுகளாலும் குறித்தது. ஆயின் அது ஆங்கில ஒலிகளுக்கென ஆக்கப்பட்டது. தமிழ்ப் பேச்சுக்கு அத்தகைய கருவி அக்காலத்தில் இருக்கவில்லை. இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்று முதல் 1879ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை பொழியப்பட்ட தமிழ் எத்தனையோ! அவருடைய உரைநடை நூல்களாய் நிலைத்தது. அவருடைய வாய்மொழியோ சொல்லுக்குச் சொல்லாக நமக்குக் கிட்டவில்லை. ஒரே மாலையில் நிகழ்ந்த ஆங்கிலப் பேச்சு நின்றது, முப்பதாண்டுத் தமிழ்ப் பேச்சு மறைந்தது. ஒரு மொழியின் பேச்சு நிலைப்பதும் மறைவதும் அம்மொழிக்கு வாய்த்த பதிவுக் கருவியையும் பொறுத்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டிற் பிற்மன் முறையைத் தழுவித் தமிழ்ச் சுருக்கெழுத்து முறைகள் ஆக்கப்பட்டன. 1930ஆம் ஆண்டில் வீரகேசரியும் 1932ஆம் ஆண்டில் தினகரனும் கொழும்பிலிருந்து வெளிவரத் தொடங்கின. கொட்டாஞ்சேனைக் கூட்டம் மறுநாட் காலையிற் செய்தியாயிற்று. எனினும் செய்தியாளர் எழுதியது சுருக்கம். பேசியவரின் முழுச் சொல்லும் அதில் இடம்பெறுதல் அரிது.

பாராளுமன்றப் பதிவும் திருத்தும் உரிமையும்

முழுச் சொல்லையும் பதியும் கடமை சட்டமன்றங்களுக்கே முதலில் வாய்த்தது. இலண்டன் அச்சகத்தார் ஹன்சாட் என்பாரின் பெயர், ஆங்கில ஆட்சி நிலவிய நாடுகளிலெல்லாம் பாராளுமன்ற விவாத அறிக்கைக்கு ஆகுபெயராயிற்று. இலங்கையிலும் அப்பெயரே வழங்குகின்றது.

இப்பதிவின் பெறுமதிக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1944ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்க சபையிற் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொணர்ந்தார். திருகோணமலை-மட்டக்களப்புப் பிரதிநிதி வி. நல்லையா தமிழையும் அதனுடன் சேர்க்குமாறு திருத்தம் முன்மொழிந்தார். அத்திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 1956ஆம் ஆண்டிற் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாக்கப்பட்டபோது, முன்னர் யார் யாது கூறினார் என்பதை மறுக்கவியலாதவாறு அறிக்கை சான்று பகர்ந்தது. நினைவு மாறலாம், நிலைப்பாடும் மாறலாம். எழுதப்பட்ட சொல் மாறுவதில்லை என்பதே சிறுபான்மையோர்க்கு இத்தகைய பதிவு அளித்த காப்பாகும்.

இலங்கைப் பாராளுமன்ற அறிக்கையில் உறுப்பினரின் பேச்சு அவர் பேசிய மொழியிலேயே அச்சாகின்றது. ஆதலால் ஒரே பக்கத்திற் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்து வருதலைக் காணலாம். அவ்வறிக்கையின் முகப்பில் ‘பிழை திருத்தப்படாதது’ என்னும் தொடர் காணப்படும். சிறு தொடரேயாயினும் அதன்கண் ஒரு நேர்மை அடங்கியுள்ளது. பதிவு விரைவாக வெளிவருகின்றது, ஆயின் அது முடிந்த முடிபன்று என வாசகருக்கு வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றது. இலண்டன் பாராளுமன்ற அறிக்கைக்கு வகுக்கப்பட்ட நெறியும் இதனோடு ஒத்தது. கூறியது கூறலையும் வெளிப்படையான வழுவையும் நீக்கலாம். பொருளுக்குத் துணைசெய்யும் எதனையும் விடுதலாகாது. விரைவு, முழுமை, திருத்தம் என்னும் மூன்றையும் ஒருங்கே காக்க முயன்ற நெறி இது.

சுருக்கெழுத்தாளர் ஒருவரே நாள் முழுவதும் எழுதுவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருவராக முறை மாறி எழுதுவர். ஒருவர் வெளியேறித் தாம் எழுதியதைப் பெயர்த்தெழுதும்போது மற்றொருவர் சபையில் அமர்ந்திருப்பார். பின்னர் துண்டுகள் யாவும் வரிசைப்படி இணைக்கப்படும். பேச்சைச் சிறு துண்டுகளாக்குதல், வரிசை பிறழாது சேர்த்தல் என்னும் இவ்விரண்டும் இன்றைய இயந்திரப் பதிவுக்கும் அடிப்படையாயிருத்தல் கருதத்தக்கது.

கேள்வி-மறுமொழி முறையின் குறை

பதிவுசெய்த சொல்லை விரைந்து அனுப்புதல் மற்றொரு வரலாறு. 1850ஆம் ஆண்டு தொடக்கம் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை, காலித் துறைமுகத்துக்குக் கப்பல் கொணர்ந்த செய்திகளைப் புறாக்கள் மூலம் கொழும்புக்கு வரவழைத்தது. 1858ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி நிறுவப்பட்டதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. 1925ஆம் ஆண்டிற் கொழும்பு வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. வானொலி குரலை உடனே பரப்பியது, ஆனால் எழுத்தாக்கவில்லை. பத்திரிகை எழுத்தாக்கியது, ஆனால் மறுநாளே வந்தது. குரலின் விரைவும் எழுத்தின் நிலைபேறும் ஒன்றுசேர்வதற்கு இணையத்தின் வருகையைக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இணையத்தின் தொடக்கநிலை அதற்கு ஏற்றதாயிருக்கவில்லை. 1990ஆம் ஆண்டளவில் ரிம் பேர்ணர்ஸ் லீ உருவாக்கிய வலையமைப்பு எச்.ரி.ரி.பி. என்னும் நெறிமுறையின்படி இயங்குகின்றது. வாசகரின் கணினி கேட்கும், வழங்கி மறுமொழி கூறும், அத்துடன் அவ்வுரையாடல் முடிவுறும். கேளாது எதனையும் வழங்கி தானே கூறாது. நூலகத்தில் ஒரு நூலைக் கேட்டுப் பெறுவதற்கு இம்முறை போதும். நிகழ்ந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கு இது பொருந்தாது. புதிய சொல் உண்டா, உண்டா என்று நொடிதோறும் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு ‘இல்லை’ என்பதே விடையாகும். ஒவ்வொரு கேள்வியும் நூற்றுக்கணக்கான எழுத்துக்கள் கொண்ட தலைப்புரையைச் சுமந்து செல்லும். மண்டபத்தின் வாயிலுக்கு நொடிக்கொரு தடவை ஆளனுப்பி, பேச்சாளர் வாய்திறந்தாரா என்று கேட்டு வருதலை ஒத்தது இது.

வெப்சொக்கெற்றின் தோற்றமும் செயற்பாடும்

இக்குறையைப் போக்க 2008ஆம் ஆண்டில் இயன் ஹிக்சன், மைக்கல் காட்டர் முதலியோர் புதிய நெறிமுறை ஒன்றை வகுக்கத் தலைப்பட்டனர். அது வெப்சொக்கெற் எனப் பெயர்பெற்றது. 2010ஆம் ஆண்டு டிசெம்பரில் அதற்கு ஒரு தடை நேர்ந்தது. இடைவழியிலுள்ள சில பழைய வழங்கிகள் புதிய உரையாடலைத் தவறாக விளங்கிக்கொண்டு ஏமாற்றப்படக்கூடும் என்று ஆய்வாளர் காட்டினர். பயர்பொக்ஸ், ஒப்பெரா ஆகிய உலாவிகள் அவ்வசதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தன. வாசகரின் கணினி அனுப்பும் ஒவ்வொரு பொதியையும் நான்கு பைற்று அளவான மறைப்புச் சாவியால் உருமாற்றி அனுப்பவேண்டும் என்னும் விதியால் அவ்விடர் களையப்பட்டது. 2011ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்னும் இலக்கமுடைய ஆவணமாக நெறிமுறை நிலைபெற்றது.

அதன் செயற்பாடு எளிது. முதலில் வாசகரின் கணினி வழக்கமான எச்.ரி.ரி.பி. கேள்வியையே அனுப்புகின்றது. அதில், உரையாடலை வெப்சொக்கெற்றாக மாற்றுமாறு வேண்டுகோள் இருக்கும். வழங்கி உடன்படுமாயின் 101 என்னும் குறியீட்டெண்ணை விடையாகத் தருகின்றது. அக்கணம் முதல் அவ்விணைப்பு மூடப்படாத வாய்க்காலாகின்றது. இருபுறத்தாரும் கேள்வியை எதிர்பாராது எப்பொழுதும் பேசலாம். வழங்கியிலிருந்து வரும் சிறு பொதி ஒன்றுக்குத் தலைப்புரை 2 பைற்றே போதுமானது. நெடுநேரம் மௌனம் நிலவினால், எதிர்ப்பக்கம் உயிருடன் உள்ளதா என்று ‘பிங்’ என்னும் பொதியால் வினவி ‘பொங்’ என்னும் பொதியால் விடைபெறும் ஏற்பாடும் உண்டு.

கூட்டமொன்றின் உடனெழுத்து இவ்வாய்க்காலில் இவ்வாறு ஓடும். ஒலிவாங்கியின் குரல் நொடிக்கு 16,000 மாதிரிகளாக அளக்கப்படுகின்றது. மாதிரி ஒன்றுக்கு 2 பைற்று என்றால், நொடியின் பத்திலொரு பங்குக்கு 3,200 பைற்று ஆகும். அத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழங்கியை அடைகின்றன. அங்கே பேச்சறியும் செயலி அவற்றை எழுத்தாக்குகின்றது. அவ்வெழுத்து, இணைந்துள்ள வாசகர் அனைவருக்கும் அதே கணத்திற் பகிரப்படுகின்றது. 2017ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனம் குரல்வழித் தட்டச்சுக்குத் தமிழையும் சேர்த்தது. நாவலருக்கு வாய்க்காத கருவி தமிழ்ப் பேச்சாளருக்கு வாய்த்த காலம் அது எனலாம்.

ஒரு குறையை ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். இணைப்பு நிலைத்திருக்கும்வரை துண்டுகள் வரிசை பிறழாமல் வந்துசேரும். இணைப்பு அறுந்து மீண்டும் ஏற்பட்டால், இடையில் தவறியவற்றை வெப்சொக்கெற் தானாக மீட்டுத் தராது. ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் இட்டு, எவ்வெண் வரை பெற்றேன் என்று வாசகரின் கணினி கூறவும், எஞ்சியதை வழங்கி மீண்டும் அனுப்பவும் செயலியை ஆக்குவோரே ஏற்பாடு செய்தல் வேண்டும். சுருக்கெழுத்தாளர் தம் தாள்களுக்கு இலக்கமிட்ட பழைய ஒழுங்கு இங்கே மீண்டும் வேண்டப்படுகின்றது.

தமிழின் இயல்பும் முடிவுறா வாக்கியமும்

இக்கருவி தமிழைச் சுமக்கும்போது மொழியின் இயல்பால் எழும் சிக்கல்கள் இரண்டு. முதலாவது எழுத்துப் பற்றியது. யூ.ரி.எஃப்.-8 என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைற்றும் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைற்றும் தேவை. ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறிகளாகப் பிரிந்து 15 பைற்றைக் கொள்கின்றது. நீண்ட செய்தி பல பொதிகளாகப் பிரிக்கப்படும்போது ஒரு குறியின் மூன்று பைற்றுகளுள் ஒன்று முன்பொதியிலும் இரண்டு பின்பொதியிலும் விழலாம். நெறிமுறை இதனை அனுமதிக்கின்றது. பொதிகளைச் சேர்த்த பின்னரே எழுத்தாக வாசித்தல் வேண்டும். பொறுமையின்றி ஒவ்வொரு பொதியையும் தனித்தனியே வாசிக்கும் செயலியின் திரையில் எழுத்துச் சிதைந்து தோன்றும்.

இரண்டாவது சிக்கல் இதனினும் ஆழமானது. பேச்சறியும் செயலி வாக்கியம் முடியுமுன்னரே எழுதத் தொடங்குகின்றது. முதலில் தோன்றுவது தற்காலிகமான ஊகம். மேலும் ஒலி வரவர அது தன் ஊகத்தை மாற்றி, இறுதியில் ஒன்றை உறுதிசெய்கின்றது. ஆங்கிலத்தில் எதிர்மறை பெரும்பாலும் வினைக்கு முன்னரே வந்துவிடும். தமிழில் உடன்பாடும் எதிர்மறையும் வாக்கியத்தின் ஈற்றிலேயே தெளிவாகும். ‘இத்தீர்மானத்தை எமது சங்கம் ஏற்றுக்கொள்’ என்பது வரை திரையிற் தோன்றியிருக்கும் கணத்திற் பேச்சாளரின் கருத்து யாதென எவரும் துணிய முடியாது. ‘கிறது’ என முடிந்தால் உடன்பாடு, ‘ளவில்லை’ என முடிந்தால் மறுப்பு. செயலியோ இடையில் ஓர் ஊகத்தைத் திரையில் இட்டுவிடுகின்றது. அவ்வூகத்தை ஒருவர் படமெடுத்துப் பரப்பிவிட்டால் அடுத்த கணத்தில் வரும் திருத்தம் அதனைத் துரத்திப் பிடிக்க வல்லதன்று.

வட்டார வழக்கும் இதனோடு சேர்கின்றது. கொழும்புக் கூட்டமொன்றில் யாழ்ப்பாணத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் மலையகத் தமிழும் முஸ்லிம் மக்களின் தமிழும் ஒரே மேடையில் ஒலிக்கும். எவ்வட்டாரப் பேச்சைக் கேட்டுச் செயலி பயின்றதோ அதனையே அது நன்கு எழுதும். மற்றவற்றைத் தான் அறிந்த சொல்லாகத் திரித்து எழுதும் அபாயம் உண்டு.

வெள்ளவத்தைத் திரையும் நகரின் நினைவும்

வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் மண்டபம் நூல் வெளியீடுகளுக்கும் ஆய்வுரைகளுக்கும் இடமாக விளங்கி வந்துள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது இலக்கியக் கூட்டங்கள் கணினித் திரைக்குப் பெயர்ந்தன. வெள்ளவத்தை வீட்டிலிருந்து பேசியவரை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ளோர் கேட்டனர். இத்தகைய கூட்டங்களில் உடனெழுத்து ஆற்றக்கூடிய தொண்டு பெரிது. செவிப்புலன் குறைந்த முதியவர் வாசித்தறியலாம். தமிழைக் கேட்டு விளங்கி வாசிக்க அறியாத தலைமுறைக்கும், வாசிக்க அறிந்து விரைவான பேச்சைப் பின்தொடர முடியாதோருக்கும் அது துணையாகும். சிங்கள நண்பருக்கு மொழிபெயர்ப்பும் அதே வாய்க்காலில் ஓடலாம். மறைந்துபோகும் தமிழ்ப் பேச்சு நிலைபெறும்.

ஆயினும் எழுதப்பட்ட பட்டியல் யாது செய்ய வல்லது என்பதை இந்நகர்த் தமிழர் அறிவர். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பினின்றும் வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. பெயரும் முகவரியும் பதியப்பட்டு வாழ்ந்தோர்க்கு, தம் சொல்லும் பதியப்படுகின்றது என்னும் எண்ணம் அச்சந் தருவது இயல்பே. அரைகுறையாகக் கேட்கப்பட்ட ஒரு வாக்கியம், பேசியவர் திருத்துமுன் அவர் பெயருடன் உலகெங்கும் பரவுமாயின், பதிவு காப்பாவதற்கு மாறாகக் குற்றச்சாட்டாகவும் மாறக்கூடும்.

ஆதலின் பாராளுமன்ற அறிக்கையின் முகப்பிலுள்ள அச்சிறு தொடரின் நேர்மையை உடனெழுத்தும் கைக்கொள்ளுதல் வேண்டும். தற்காலிகமான சொல் வேறு நிறத்திலேனும் சாய்வெழுத்திலேனும் தோன்றுதல் தகும். வினைமுற்று வந்து வாக்கியம் நிறைவுறுமுன் எதனையும் உறுதியானதாகக் காட்டலாகாது. பேசப்படும் சொல் பதியப்படுகின்றது என்பது கூட்டத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படல் வேண்டும். பேசியவர் தம் பேச்சைக் கேட்டுத் திருத்தும் கால எல்லை ஒன்று வகுக்கப்படல் வேண்டும். திருத்தம் எங்கே செய்யப்பட்டது என்பதும் மறையாமல் நிற்றல் வேண்டும். இவற்றுள் எதுவும் வெப்சொக்கெற்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. துண்டோடு வரிசை எண்ணை அனுப்ப வல்ல வாய்க்கால், இது தற்காலிகம், இது முடிந்தது என்னும் குறியையும் உடன் அனுப்ப வல்லது.

புளோரல் மண்டபத்தில் எழுதிக்கொண்டிருந்த குட்வின், பேச்சு முடிந்த பின்னரே தம் குறிப்பை முழு எழுத்தாக்கினார். அவருக்கு இடைவேளை என்று ஒன்று இருந்தது. கருத்து நிறைவுறும்வரை காத்திருந்த அவ்விடைவேளையே அவர் பதிவுக்கு நம்பிக்கை அளித்தது. இன்றைய கருவி அவ்விடைவேளையை ஒரு நொடிக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டது. சுருங்கிய இடைவேளையை முற்றாக இழந்துவிடாமற் காப்பது கருவியை ஆக்குவோரின் பொறுப்பும், கூட்டத்தை நடத்துவோரின் பொறுப்புமாகும். அப்பொறுப்பு நிறைவேறுமாயின், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பேசப்படும் தமிழ், பேசியவர் கருதிய பொருளோடு வருந்தலைமுறையைச் சென்றடையும்.